என் தாயார் மலை ஏறிய கதை

22 வருஷ காலமாக நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் போதித்து வருகிறேன். இந்த 22 வருஷத்தில் கரும்பலகையில் நான் வரைந்த மலைகளை யெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவரெஸ்டுச் சிகரம் வெட்கித் தலை குனிய வேண்டியதுதான். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர், ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால், "ஸார், தாங்கள் எந்த மலையிலாவது ஏறியிருக்கிறீர்களா?" என்று எந்தப் பையனாவது கேட்டுத் தொலைத்திருந்தால் என் பாடு ஆபத்தாய்ப் போயிருக்கும். நல்ல வேளையாக, பையன்கள் அப்படியெல்லாம் கேட்பதில்லை. பரீட்சைக்கு வராத கேள்வி அது!

எங்கள் ஊராகிய வாலாஜாபாத்தும் இதற்கு உடந்தை. பாலாற்றங்கரையில் தட்டையாகப் பரந்து கிடக்கும் ஊர். ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி வாலாஜாவின் பெயரைத் தாங்கியது. கும்பினியார் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் இங்கே தங்கியிருந்தது. யுத்தத்தில் சாகாத சிப்பாய்கள் பலர் எங்கள் ஊர்க் காய்ச்சலில் செத்தார்கள் என்று சரித்திரம் சொல்லுகிறது. இந்தக் காலத்தில் பட்டாளத்துக்குப் பதிலாகக் கம்பெனி பஸ்கள். விடியற்காலை நாலரை மணியிலிருந்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் அவை வரிசையாகப் புறப்படுகின்றன. மலை என்று பெயர் சொல்லத் தக்கது சில மைல் தள்ளியிருக்கும் பழைய சீவரத்துக் குன்று ஒன்றுதான். சுற்று வட்டாரத்தில் வேறு குன்றுகளும் உண்டு. ஆனால் அவை நாளுக்கு நாள் ஜல்லியாகி லாரியில் ஏறிப் போய்க் கொண்டிருக்கின்றன. எங்கள் பக்கத்தில் மனிதன் உட்கார்ந்திருக்கிறான், மலைதான் பிரயாணம் செய்கிறது.

இப்படிப்பட்ட ஊரில்தான் 2023-ம் வருஷத்து ஆனி மாதத்தில் ஒரு கிழவர் படை புறப்பட்டது. அதற்குப் பெயர் கிடையாது. ரசீதுப் புத்தகம் கிடையாது. தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் யாரும் கிடையாது. பென்ஷன் வாங்கும் டிரில் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவர் விசில் ஊதினால் நிற்கவேண்டும், மறுபடி ஊதினால் நடக்க வேண்டும். இதுவே சங்கத்தின் சட்டதிட்டங்கள். மொத்தம் 14 பேர். எல்லாரும் அறுபதைக் கடந்தவர்கள். ஐயம்பேட்டை நெசவாளர் ஒருவர், வயது 72. ஐம்பது வருஷம் குழித் தறியில் மிதிபலகை மிதித்த கால் அவருக்கு. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் மோட்டார் கார் உற்பத்தி ஆரம்பித்தபோது வேலைக்குச் சேர்ந்து, கார்களுக்குக் கதவு மாட்டி மாட்டியே தலை நரைத்த ஒருவர். பாக்கிப் பேரில் ஸ்திரீகள் ஐந்து பேர். அந்த ஐவரில் ஒருத்தி என் தாயார்.

என் தந்தை 2022-ல் காலமானார். அவர் இருந்த வரையில் அம்மாவுக்கு வீட்டு வாசல்படியே எல்லை. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் மூன்று ஷிப்டு உத்தியோகம். ஒரு வாரம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கட்டுச் சாதம் கட்டுவாள். மறு வாரம் நடுநிசி வரையில் திண்ணையில் உட்கார்ந்து, கடைசிப் பஸ்ஸின் விளக்கு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா போன பிறகு அவளுக்கு எழுந்திருக்க வேண்டிய நேரமும் இல்லை, காத்திருக்க வேண்டிய நேரமும் இல்லை. ஒரு வருஷம் வரையில் ஒன்றும் பேசாமல் இருந்தாள். பிறகு ஒரு நாள் சாதம் பரிமாறிக்கொண்டே, "திருக்கழுக்குன்றத்துக்குப் போகிறேன். டிரில் மாஸ்டர் கூட்டிப் போகிறார். படி ஏறவேண்டுமாம்" என்றாள்.

"எத்தனை படி தெரியுமா அம்மா? ஐந்நூறுக்கு மேலே!" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? கல்யாணமான புதுசில் உன் அப்பாவோடு ஏறினவள்தானே! அப்போது இரண்டு கழுகு வந்து பண்டாரம் கையிலிருந்து பொங்கல் தின்றதைப் பார்த்தேன். இப்போதும் வருகிறதா?"

கழுகுகள் வருவதில்லை. 1990-க்கு அப்புறம் சில வருஷங்களிலேயே அவை வருவது நின்றுவிட்டது. கழுகு இனமே நாட்டில் அருகிப்போன காரணங்களை நான் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா மோரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மலையிலிருந்து திரும்பி வந்தவளைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாயிருந்தது. முகம் சிவந்து, காலெல்லாம் புழுதியாக, கையில் மூங்கில் தடியுடன் நின்றாள். "கழுகு வரவில்லை. நாங்கள் வந்தோம்" என்றாள்.

அது முதல் மாதத்துக்கு ஒரு மலை என்று கணக்கு. ஆவணியிலும் புரட்டாசியிலும் காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுவார்கள். ஐப்பசியில் அடைமழை, பாறை வழுக்கும் என்று மாஸ்டர் மலைக்கு விடுமுறை கொடுத்து, பாலாற்றங்கரையில் நடக்க வைத்தார். 2021 நவம்பரில் அந்த ஆற்றில் கரை புரண்ட வெள்ளத்தைப் பார்த்த கண்களுக்கு, வெறும் மணலில் நடப்பது விளையாட்டுப் போலிருந்ததாம். கார்த்திகையில் சோளசிங்கபுரம். யோக நரசிம்மர் அந்த ஒரு மாதந்தான் கண் திறந்து பார்க்கிறார் என்பது ஜனங்களின் நம்பிக்கை. 1,305 படி. அங்கேயிருக்கும் குரங்குகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். நெசவாளருடைய மூக்குக் கண்ணாடியை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு போய், அரைப்படி கடலைக்கு ஈடாகத் திருப்பிக் கொடுத்ததாம். அடுத்த வருஷம், அதாவது 2024-ல், அந்த மலைக்குக் கம்பி வடத்தில் ஓடும் ரோப் கார் வந்துவிட்டது. பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். "நல்ல வேளை, முன்னாடியே ஏறிவிட்டோம்!" என்று அம்மா பெருமூச்சு விட்டாள்.

தை மாதம், மாட்டுப் பொங்கலன்று பழைய சீவரம். காஞ்சீபுரத்து வரதராஜப் பெருமாளே அன்று பல்லக்கில் புறப்பட்டு வந்து அந்தக் குன்றின்மேல் ஏறுகிறார் அல்லவா? அவருக்குப் பின்னால் எங்கள் கிழவர் படையும் ஏறிற்று. குன்றுதானே என்று நானும் கூடப் போனேன். மேலேயிருந்து பார்த்தால் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடமும், அக்கரையில் திருமுக்கூடல் கோயிலும் தெரிகின்றன. வாத்தியாரின் வாய் சும்மா இருக்குமா? "அந்தக் கோயில் கல்வெட்டு மிகவும் பிரசித்தமானது. 11-ம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், அங்கே ஓர் ஆஸ்பத்திரி இருந்திருக்கிறது. 15 நோயாளிகளுக்குப் படுக்கை. வைத்தியர் ஒருவர், ரண சிகிச்சை செய்கிறவர் ஒருவர், மருந்துச் செடி கொண்டுவருகிறவர்கள், பணிப் பெண்கள் எல்லாருக்கும் சம்பளம் எவ்வளவு என்று வெட்டி வைத்திருக்கிறார்கள்" என்று பிரசங்கம் செய்தேன்.

நெசவாளர் விரலை மடக்கி எண்ணினார். "பதினைந்து படுக்கையா? நாங்கள் பதினாலு பேர். ஒன்று மீதி இருக்கிறது. அது வாத்தியாருக்கு!" என்றார்.

படையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் வாய் விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் கேட்டேன். இதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. இவ்வளவையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நான் பிற்பாடு அந்தக் காரியத்தைச் செய்தேன்.

நிற்க. வைகாசி மாதம் ஒரு மலையில், கார்க் கம்பெனியில் வேலை பார்த்தவருக்குத் தலை சுற்றி மயக்கம் வந்துவிட்டது. காலையில் சாப்பிட வேண்டிய மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு, இட்டிலியைச் சாப்பிட மறந்துவிட்டாராம். உப்பும் சர்க்கரையும் கரைத்த எலுமிச்சம்பழத் தண்ணீரைக் கொடுத்து, அரை மணி நேரம் நிழலில் கிடத்தி, எல்லாருமே இறங்கி வந்துவிட்டார்கள். யாராவது ஒருவருக்கு முடியவில்லை என்றால் திரும்பிவிடவேண்டியது, யார்மீதும் குறை சொல்லக்கூடாது என்பது அவர்களுடைய ஏற்பாடு. மிகவும் மெதுவாக நடக்கிறவர் முன்னால் நடக்கவேண்டும், கெட்டிக்காரர்கள் பின்னால்தான் வரவேண்டும் என்பது இன்னொன்று. இந்த ஒரு விதியைத் தேசத்திலுள்ள பள்ளிக்கூடங்களிலெல்லாம் அமுலுக்குக் கொண்டுவந்தால் என்ன என்று நான் சில சமயம் எண்ணியதுண்டு.

ஆனால் இந்தச் செய்தி பெங்களூரிலிருக்கும் என் தமக்கையின் காதுக்கு எட்டிவிட்டது. டெலிபோனில் ஒரு மூச்சுப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளியங்கிரியில் இந்த வருஷம் எத்தனை பேர் மூச்சடைத்து மாண்டு போனார்கள், பேப்பரில் பார்க்கவில்லையா? அம்மாவுக்கு அறுபத்தொன்பது வயசு. இரத்தக் கொதிப்பு வேறே. ஏதாவது ஆயிற்றென்றால் உன்னைத்தான் கேட்பேன், ஆமாம்!" என்றாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. 2024-ம் வருஷத்துப் பருவத்தில் வெள்ளியங்கிரியில் ஏறிய பக்தர்கள் பலர் வழியிலேயே உயிர் துறந்தார்கள். வயோதிகர்கள் மட்டுமல்ல, திடகாத்திரமான வாலிபர்களும் அவர்களில் உண்டு. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புத்தகங்களைப் புரட்டினேன். ஜப்பானில் யூயிச்சிரோ மியூரா என்பவர் 70 வயதிலும் 75 வயதிலும் எவரெஸ்டில் ஏறி, மறுபடி 2013-ல் 80-வது வயதிலும் ஏறினார் என்று கண்டிருந்தது. அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டேன். அதே ஜப்பானில் நூறு மலைகளைப் பற்றிப் புத்தகம் எழுதி, ஊர்ப்பட்ட கிழவர்களை யெல்லாம் மலையேறக் கிளப்பிவிட்ட புக்காடா கியூயா, 1971-ல் 68-வது வயதில் மலையிலேயே விழுந்து மாண்டார்; நேபாளத்து மின் பகதூர் செர்ச்சன் 76 வயதில் எவரெஸ்டில் ஏறியவர், 85 வயதில் மறுபடி ஏறப்போய், 2017-ல் மலையடிவாரக் கூடாரத்திலேயே உயிர் விட்டார். இந்த இரண்டு பேர் கதையை மட்டும் அம்மாவிடம் விஸ்தாரமாகச் சொன்னேன்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு, "அப்பர் ஸ்வாமிகள் கைலாசத்துக்குப் போனபோது அவருக்கு என்ன வயசு?" என்றாள்.

வாத்தியார் வாயடைத்துப் போனேன். கால் தேய்ந்து, கையால் தவழ்ந்து, கையும் தேய்ந்து, மார்பினால் நகர்ந்து போன அந்தக் கிழவரைப் பற்றி எந்தப் பூகோளப் புஸ்தகத்தில் இருக்கிறது? காந்தி மகான் 1930-ல் தண்டி கடற்கரைக்கு 24 நாள் நடந்தபோது அவருக்கும் வயது 60 தான் என்று அம்மா அடுத்தபடியாகச் சொல்லிவிடப் போகிறாளே என்று பயந்து, எழுந்து போய்விட்டேன்.

வாதத்தில் ஜயிக்க முடியாதவன் என்ன செய்வான்? பொய் சொல்லுவான். ஆடி மாதம் வழக்கமான பரிசோதனைக்காக அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். இரத்த அழுத்தம் பார்த்து, எலும்பு, முழங்கால் எல்லாம் பார்த்தார். அம்மா வெளியே நர்ஸிடம் மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்த சமயத்தில், மலையேறும் விஷயத்தை அவரிடம் பிரஸ்தாபித்தேன். "பேஷாக ஏறட்டும். மாத்திரையை விடக்கூடாது. மூச்சு வாங்கினால் நிற்கவேண்டும். மார்பில் வலி என்றால் உடனே இறங்கவேண்டும். ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதுதான் முழங்காலுக்குக் கெடுதல், தடி ஊன்றி மெதுவாக இறங்கச் சொல்லுங்கள்" என்றார். வெளியே வந்தேன். "டாக்டர் என்னடா சொன்னார்?" என்று அம்மா கேட்டாள். "மலையே ஏறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அம்மா" என்றேன்.

என்னத்தைச் சொல்ல! வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது! பையன்கள் பொய் சொன்னால் பெஞ்சியின்மேல் ஏற்றுகிற ஆசாமி நான்.

அம்மா எதிர்வாதம் ஒன்றும் செய்யவில்லை. "டாக்டர் சொன்னால் சரிதான்" என்றாள். வீட்டுக்கு வந்து மூங்கில் தடியைக் கொல்லையில் சாத்தி வைத்தாள். சில நாளைக்கெல்லாம் அதன் நுனியில் ஒரு கொக்கி கட்டி முருங்கைக்காய் பறிக்க ஆரம்பித்தாள். திருக்கழுக்குன்றமும் சோளசிங்கபுரமும் கண்ட தடி முருங்கை மரத்துக்குக் காவல் நின்றது. டிரில் மாஸ்டர் இரண்டு தடவை வந்து விசாரித்தார். "டாக்டர் உத்தரவு, மாஸ்டர்" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். பகலில் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஆனால் கதை என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பூஜை அறைக்கும் சமையலறைக்கும் நடப்பதற்குக்கூடச் சுவரைப் பிடித்தாள். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் எழுந்து பார்த்தபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா?" என்றேன். "ஒன்றுமில்லை, தூக்கம் வரவில்லை" என்றாள். இரண்டாம் ஷிப்டு பஸ் ஒன்று தெருக்கோடியில் திரும்பி அவள் முகத்தில் வெளிச்சத்தை அடித்துவிட்டுப் போயிற்று.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தமக்கையின் டெலிபோனை நினைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

ஐப்பசி கடைசியில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது கொல்லையில் தடியைக் காணோம். கதவின் பின்புறத்தில் கொக்கி அவிழ்க்கப்பட்டு, கழுவித் துடைத்து, எண்ணெய் பூசி நின்றுகொண்டிருந்தது.

"மார்கழியில் பர்வதமலைக்குப் போகிறார்கள். பேர் கொடுத்துவிட்டேன்" என்றாள் அம்மா.

"டாக்டர்..." என்று இழுத்தேன்.

"டாக்டரைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. என் குட்டு வெளிப்பட்டுவிட்டதா, இல்லையா? எனக்கு விளங்கவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை. "அப்படியானால் நானும் வருகிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

இடையில் கார்த்திகை வந்தது. திருவண்ணாமலையில் மலைமேல் தீபம் பார்க்கவேண்டும் என்று படையினருக்கு வெகு நாள் ஆசை. 2024 டிசம்பர் 1-ந் தேதி அங்கே புயல் மழையில் மலைச் சரிவு இடிந்து விழுந்து, வீட்டோடு ஏழு பேர் மண்ணில் புதைந்தார்கள். அந்த வருஷம் ஜனங்களை மலைமேல் ஏற விடவில்லை. மாஸ்டர் அன்று எல்லாரையும் கூட்டி, "மலை என்றால் சாது என்று எண்ணாதீர்கள்" என்று மட்டும் சொன்னாராம். அதைக் கேட்டு யாரும் பின்வாங்கியதாகத் தெரியவில்லை.

டிசம்பர் மாதக் கடைசியில், அரைப் பரீட்சை விடுமுறையில் புறப்பட்டோம். ஒரு வான் வண்டியை அமர்த்திக்கொண்டு, நடுநிசிக்கு மேல் கிளம்பி, செய்யாறு, ஆரணி, போளூர் வழியாகத் தென்மாதிமங்கலத்தை அடைந்தபோது கிழக்கு வெளுக்கவில்லை. பச்சையம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு, வீரபத்திரரை வணங்கிவிட்டு ஏறத் தொடங்கினோம். சுமார் 4,500 அடி உயரம் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். உயரம் 1,000 மீட்டர் ஏறினால் உஷ்ணம் ஆறரை டிகிரி குறையும் என்று வகுப்பில் நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதன்படி உச்சியில் சுமார் ஒன்பது டிகிரி குறைவாயிருக்க வேண்டும். எனக்கோ முதல் முந்நூறு படியிலேயே சட்டை நனைந்து, காதில் ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது.

மிக மெதுவாக நடக்கிறவர் முன்னால் போகவேண்டும் என்ற விதி இருக்கிறதல்லவா? நூறு படிக்கு ஒரு விசில். மூன்றாவது விசிலில் மாஸ்டர் என்னை அழைத்து, "வாத்தியாரே, நீங்கள் முன்னால் வாருங்கள்" என்றார். எனக்கு 46 வயது. எனக்குப் பின்னால் அறுபதும் எழுபதுமாகப் பதினாலு பேர், என் வேகத்துக்காகக் காலடியைக் குறுக்கிக்கொண்டு வந்தார்கள். என் பையைக்கூட நெசவாளர் வாங்கிக்கொண்டார்.

படிகள் முடிந்த பிறகு கல்லும் வேருமாக ஒற்றையடிப் பாதை. மரங்களுக்கு நடுவே பனி. ஓரிடத்தில் உட்கார்ந்து புளியோதரையும், மிளகாய்ப் பொடி தடவிய இட்டிலியும் சாப்பிட்டோம். அம்மா தன் மாத்திரையை எடுத்து என் கண்ணெதிரே வாயில் போட்டுக்கொண்டாள். எனக்குக் காட்டுவதற்காகவே அப்படிச் செய்ததாக எனக்குப் பட்டது. நன்றாக விடிந்து, மூடுபனி விலகியதும் தலைக்கு மேலே செங்குத்தான பாறை ஒன்று தெரிந்தது. அதுதான் கடப்பாரைப் பாதை. பாறையிலே இரும்புக் கடப்பாரைகளை அடித்துச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். அதைப் பிடித்துத்தான் ஏறவேண்டும். அப்புறம் இரும்புப் படிகள். ஒரு படிக்கும் மறு படிக்கும் இடையே பார்த்தால் கீழே பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கில் கட்டங் கட்டமாக வயல்கள். வயல்களின்மேல் எங்கள் தலைக்குக் கீழே பறந்துகொண்டிருந்தது ஒரு பருந்து.

பருந்தின் முதுகை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நாலு கடப்பாரை ஏறினேன். ஐந்தாவதைப் பிடித்த கை அதை விட மறுத்துவிட்டது. காலும் அப்படியே. உடம்பில் ஒரு வலியும் இல்லை. மூச்சும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கை கால்கள் என் சொல்லைக் கேட்கவில்லை. பின்னால் வந்த யாத்திரிகர்கள் "அரோகரா!" போட்டுத் தைரியம் சொன்னார்கள். பிரயோஜனம் இல்லை. மாஸ்டர்தான் கீழேயிருந்து என் பாதத்தை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்து, குழந்தையை இறக்குகிற மாதிரி இறக்கிவிட்டார்.

"நானும் உங்களோடு இருந்துவிடுகிறேன்" என்றார் மாஸ்டர். விதிப்படி எல்லாருமே திரும்பவேண்டும்.

"வேண்டாம் மாஸ்டர். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பயந்தான். நீங்கள் போய் வாருங்கள்" என்றேன். பிறகு அம்மாவைப் பார்த்தேன். "அம்மா, நீயும் இங்கேயே..." என்று ஆரம்பித்தேன்.

அம்மா புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். தடியை என் கையில் கொடுத்தாள். "இது மேலே உதவாது. வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைப் பிடித்தாள். நெசவாளர் முன்னால், அம்மா நடுவில், மாஸ்டர் பின்னால். வெள்ளைப் புடவை பாறை மடிப்பில் திரும்பி மறைந்தது.

ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. பதினாலு பேர் பையையும் குரங்குகளிடமிருந்து காத்துக்கொண்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். மேலேயிருந்து இறங்குகிற ஒவ்வொருவரையும், "வெள்ளைப் புடவை கட்டிய அம்மாளைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். ஒருவர் பார்த்தேன் என்றார். ஒருவர் இல்லை என்றார். மூடுபனி மறுபடியும் வந்து பாறையை மறைத்தது. மேலே யாரோ கூச்சலிட்டது போல ஒரு சத்தம். அந்தச் சமயம் பார்த்துப் பையிலிருந்த செல்போன் அடித்தது. என் தமக்கை!

"அம்மா எங்கேடா?"

"மேலே."

"நீ?"

"கீழே."

மறு முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவள் என்ன சொல்லியிருப்பாளோ, அதற்குள் டெலிபோன் அறுந்துவிட்டது. அதற்கப்புறம் எவ்வளவு முயன்றும் கிடைக்கவில்லை. பெங்களூரில் அவள் ஒரு பக்கமும் கல்லின்மேல் நான் ஒரு பக்கமுமாக அம்மாவுக்காகக் காத்திருந்தோம். அப்பாவுடைய கடைசிப் பஸ் ஒரு நாள் இரண்டு மணி நேரம் தாமதித்து வந்தது ஞாபகம் வந்தது. எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். நான் பாட்டுக்குத் தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து கேட்டபோது, "வந்துவிட்டார்" என்று அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

வெள்ளைப் புடவை முதலில் தெரியவில்லை. மாஸ்டரின் விசில்தான் கேட்டது. பிறகு இரும்புப் படியில் ஒரு பாதம், இன்னொரு பாதம். பின்பக்கமாகத் திரும்பி, படியை இரு கையாலும் பிடித்து, ஒவ்வொன்றாக இறங்கினாள். கடைசிப் படியில் நான் தடியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, மடியிலிருந்த விபூதியை எடுத்து என் நெற்றியில் இட்டாள். விரல்கள் ஜில்லென்றிருந்தன. ஒன்பது டிகிரிக் கணக்குச் சரிதான் போலிருக்கிறது.

"மேலே குருக்கள் இல்லையடா. அவரவர்களே ஸ்வாமியைத் தொட்டு அபிஷேகம் செய்யலாம். நான் பால் ஊற்றினேன். உன் பேருக்கும் உன் அக்காள் பேருக்கும் ஊற்றினேன்" என்றாள்.

எல்லாரும் முன்னால் நடந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் பின்தங்கினோம். இறங்கும்போது அம்மாவின் முழங்கால் நடுங்கிற்று. டாக்டர் சொன்னது வாஸ்தவம். ஒரு கையால் தடியையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, டாக்டர் மலை ஏறக்கூடாது என்று சொல்லவில்லை. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும். அவரே சொன்னார்."

"என்மேல் கோபம் இல்லையா?"

"இருந்தது. சோளசிங்கபுரத்துக் குரங்குகூடக் கடலையை வாங்கிக்கொண்டு கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தது. நீ மூன்று மாசம் கொடுக்கவில்லையே!" என்றாள். ஐந்தாறு படி இறங்கிய பிறகு, "நானும் அவரிடம் பொய்தான் சொன்னேன். பழைய சீவரம் குன்றுக்குப் போகப் போகிறேன் என்றேன். பர்வதமலை என்று சொல்லவில்லை" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய இருதயத்தைச் சோதித்துப் பார்த்து அனுமதி கொடுத்தவர், ஒரு சிறு குன்றுக்கல்லவா அனுமதி கொடுத்திருக்கிறார்! இரண்டு பொய்களுக்கு நடுவே, கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு 69 வயது உடம்பு ஒன்று மேலே போய்க் கீழே வந்திருக்கிறது. கோபித்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்கு அந்த யோக்கியதை எங்கே இருக்கிறது? வாயை மூடிக்கொண்டேன். "அடுத்த தடவை டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம்" என்று மட்டும் சொன்னேன். "சரி" என்றாள்.

வானில் திரும்பும்போது எல்லாரும் தூங்கிவிட்டார்கள். மாஸ்டர்கூட விசிலைக் கழுத்தில் மாட்டியபடி குறட்டை விட்டார். ஆரணி தாண்டியதும் அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"வெள்ளியங்கிரியில் சின்ன வயசுப் பெண்களை ஏறவிடுகிற வழக்கமில்லையாமே? கிழவிகள் ஏறலாமாமே?"

"ஆமாம்."

"மாசியிலிருந்துதான் ஏற விடுவார்களாம். அங்கேயும் கடப்பாரை உண்டா?"

"இல்லை. ஏழு மலை ஏறி இறங்கவேண்டும்."

அம்மா விரல் விட்டு மாதங்களை எண்ணினாள். பிறகு பையைத் துழாவி, மீந்திருந்த கடலை மிட்டாயைப் பாதியாக உடைத்து, பெரிய பாதியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தூங்கிப் போனாள். செல்போனில் என் தமக்கையிடமிருந்து 11 அழைப்புகள் வந்திருந்தன. விளக்கு இல்லாத பாதையில் வண்டி செய்யாற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் அவளைக் கூப்பிட்டு, "வந்துவிட்டாள்" என்றேன்.